370 இசட்: தேய்ந்துபோன பின் டிஃபரன்ஷியல் புஷ், ரப்பரே போதுமா?

நீலாங்கரை_இசட் (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 2011ஆம் ஆண்டு நிசான் 370 இசட், ஆறு கியர் மேனுவல். மூன்று ஆண்டுகளுக்கு முன் இரண்டாவது உரிமையாளராக வாங்கினேன். இதுவரை 61,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. வண்டியைப் பற்றி எனக்கு எந்தக் குறையும் இல்லை. பத்து ஆண்டுகளைத் தாண்டிய ரப்பர் தேய்வது இயல்புதான். ஆனால் அடுத்து என்ன செய்வது என்பதில் எனக்குத் தெளிவு இல்லை.

ஆறு மாதங்களாகப் பின்பக்கத்திலிருந்து ஒரு சத்தம் வருகிறது. முதல் கியரில் கிளட்சை விட்டு வண்டி நகரத் தொடங்கும் நொடியில், கனமான மரக்கதவை முழங்கையால் இடித்ததுபோல் ‘டொம்’ என்று ஒருமுறை கேட்கிறது. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து மீண்டும் மிதித்தாலும் அதே சத்தம், சற்றுத் தணிந்த குரலில். ரிவர்ஸிலிருந்து முதல் கியருக்கு மாற்றினால் மிகத் தெளிவாகக் கேட்கிறது. மத்திய கைலாஷிலிருந்து சோழிங்கநல்லூர் வரை பழைய மாமல்லபுரம் சாலையில் மாலை நேரத்தில் ஊர்ந்து போகும்போது இதை எத்தனை முறை கேட்கிறேன் என்று எண்ணுவதைக்கூட விட்டுவிட்டேன்.

ஒரு பணிமனையில் காட்டியபோது, டிஃபரன்ஷியலே (என்ஜின் விசையைப் பின்சக்கரங்களுக்குப் பிரித்துத் தரும் பல்சக்கரத் தொகுதி) போய்விட்டது, முழுவதையும் மாற்ற வேண்டும் என்றார்கள். நம்பிக்கை வராமல் வேறோர் இடத்தில் வண்டியை லிஃப்டில் ஏற்றிப் பார்த்தோம். சப்ஃபிரேமில் (பின்பக்கப் பாகங்களைத் தாங்கும் அடிச்சட்டம்) டிஃபரன்ஷியலின் பின்முனையைத் தாங்கும் பெரிய புஷ்ஷில், அதாவது அதிர்வை வாங்கிக்கொள்ளும் உருளையில், ரப்பர் வெடித்திருந்தது. அதன் கீழே கறுப்பாக ஒரு திரவம் வழிந்து, தூசியோடு சேர்ந்து காய்ந்திருந்தது.

என் கேள்வி இதுதான். நிறுவனம் தரும் அதே ரப்பர் புஷ்ஷைப் போடுவதா, பாலியூரித்தேன் போடுவதா, அல்லது சிலர் சொல்வதுபோல அலுமினியத்தில் கடைந்த புஷ்ஷைப் போட்டு இந்தத் தொல்லைக்கு ஒரேயடியாக முடிவு கட்டுவதா? வாரநாட்களில் அலுவலகத்துக்கும் இதே வண்டிதான். ஆண்டுக்கு இரண்டு முறை இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத்தளத்துக்குக் கொண்டுபோவேன்.

அம்பத்தூர்_கடைசல்

தம்பி, எந்தப் புஷ் என்று கேட்பதற்கு முன், சத்தம் புஷ்ஷிலிருந்துதான் வருகிறதா என்பதை உறுதிசெய்துகொள்ளுங்கள். முப்பது ஆண்டுகளாக நான் இந்த வேலையில் இருக்கிறேன். பின்சக்கர இயக்க வண்டிகளில், நல்ல நிலையில் இருந்த டிஃபரன்ஷியலைக் கழற்றி மாற்றிவிட்டு, அதே சத்தத்தோடு வீடு திரும்பியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். என்ஜினிலிருந்து சக்கரம் வரை ஒரு சங்கிலிபோலப் பல இணைப்புகள் இருக்கின்றன. எந்த இணைப்பில் இடைவெளி விழுந்தாலும், விசையின் திசை மாறும்போது அங்கே ஓர் இடி விழும். உள்ளே உட்கார்ந்து கேட்கும் காதுக்கு எல்லாமே ‘பின்னால் சத்தம்’ என்றுதான் படும்.

சத்தத்தின் குணத்தை வைத்தே பாதியைப் பிரித்துவிடலாம். நீங்கள் சொல்லும் அடங்கிய ‘டொம்’ பெரும்பாலும் ரப்பர் கிழிந்து இரும்பு இரும்பைத் தொடும் சத்தம். டிஃபரன்ஷியல் புஷ்ஷாக இருக்கலாம், சப்ஃபிரேம் புஷ்ஷாகவும் இருக்கலாம், கியர்பாக்ஸ் மவுண்டாகவும் இருக்கலாம். ‘டிங்’ என்று உலோகச் சத்தமாகக் கேட்டால் ப்ரொப்பெல்லர் ஷாஃப்டின் (கியர்பாக்ஸிலிருந்து டிஃபரன்ஷியலுக்கு விசை கொண்டுபோகும் தண்டு) கிராஸை, அதாவது அதன் மடங்கும் மூட்டைப் பாருங்கள். வண்டியைத் திருப்பும்போது தொடர்ந்து ‘டக் டக்’ என்று வந்தால் ஆக்சில் ஷாஃப்டின் (டிஃபரன்ஷியலிலிருந்து சக்கரத்துக்குப் போகும் தண்டு) மூட்டான சி.வி. ஜாயிண்ட். நின்ற இடத்திலிருந்து புறப்படும்போது ஒரே ஒரு மெல்லிய ‘டிக்’ கேட்டால், இந்த இசட் வண்டிகளில் அதற்கு வேறொரு காரணமும் உண்டு: ஆக்சிலின் பல்வரிகளும் சக்கர ஹப்பும் சேரும் முகத்தில் கிரீஸ் காய்ந்துபோய், அழுத்தம் ஏறும்போது அங்கே நுண்ணிய நழுவல் ஏற்படும். அதற்குக் கழற்றித் துடைத்துக் கிரீஸ் பூசினாலே போதும். எந்தப் பாகத்தையும் வாங்க வேண்டியதில்லை.

இப்போது சோதனை. வண்டியை லிஃப்டில் ஏற்றுங்கள். லிஃப்ட் இல்லையென்றால் நான்கு ஸ்டாண்டு வைத்து நிறுத்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்கவே கூடாது. கியரில் போட்டு ஒருவர் பின்சக்கரத்தைக் கையால் முன்னும் பின்னும் ஆட்டட்டும், நீங்கள் கீழிருந்து டிஃபரன்ஷியலைப் பாருங்கள். புஷ்ஷின் வெளிக்கூட்டிலிருந்து நடுக்குழாய் வரை வெள்ளைப் பெயிண்டால் நேர்கோடு ஒன்று போட்டுக்கொண்டால் எவ்வளவு நகர்கிறது என்பது கண்ணுக்குத் தெரியும். பிறகு நீண்ட நெம்புகம்பியைச் சப்ஃபிரேமுக்கும் டிஃபரன்ஷியலுக்கும் நடுவே கொடுத்து நெம்புங்கள். நல்ல புஷ் நெம்பும்போது இறுக்கமாகச் சற்றே வளைந்து கொடுத்து, விட்டதும் திரும்பி வரும். கெட்ட புஷ் தடையில்லாமல் நகர்ந்து, கடைசியில் ‘டக்’ என்று முட்டி நிற்கும்.

இன்னொன்று. அந்தக் கறுப்புத் திரவத்தைத் துணியால் துடைத்து முகர்ந்து பாருங்கள். கியர் ஆயிலுக்குக் கந்தக வாடை இருக்கும், ஒருமுறை முகர்ந்தவர் மறக்க மாட்டார். அந்த வாடை இருந்தால் டிஃபரன்ஷியலின் பக்கவாட்டு சீல் (ஆயில் வெளியே வராமல் அடைக்கும் வளையம்) ஒழுகுகிறது என்று பொருள். வாடை இல்லாவிட்டால் அது புஷ்ஷுக்குள் இருந்த திரவம். உங்கள் வண்டியின் பின் புஷ் திரவம் நிரப்பிய வகை.

நீலாங்கரை_இசட்

ஐயா, மிக்க நன்றி. நீங்கள் சொன்ன வரிசையிலேயே ஞாயிற்றுக்கிழமை பார்த்தோம். திரவத்தில் கந்தக வாடை இல்லவே இல்லை. நெம்பியபோது டிஃபரன்ஷியலின் பின்முனை என் சுண்டுவிரல் பருமன் அளவுக்கு மேலும் கீழும் போய் முட்டியது. ரப்பரில் வளையத்தின் பாதிக்கு மேல் கிழிந்திருக்கிறது. கிராஸில் ஆட்டம் இல்லை. கியர்பாக்ஸ் மவுண்டு நன்றாகவே இருக்கிறது. இடது சக்கரத்தில் நீங்கள் குறிப்பிட்ட அந்த மெல்லிய ‘டிக்’ சத்தமும் இருக்கிறதோ என்று ஐயம் வந்தது, ஆனால் பெரிய சத்தத்தின் நடுவே பிரித்துக் கேட்க முடியவில்லை.

ஆக, புஷ்தான். இனி என் முதல் கேள்விக்கு வருகிறேன்.

விசையும்_திருகும்

தானியங்கித் துறையில் பணிபுரியும் பொறியாளன் என்ற முறையில், இந்தப் புஷ் எதைத் தாங்குகிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அது தெரிந்தால் எதைத் தேர்வது என்பது பாதி முடிவாகிவிடும்.

டிஃபரன்ஷியல் சக்கரங்களை முன்னோக்கிச் சுழற்றும்போது, அதற்கு எதிர்வினையாக அதன் கூடு பின்னோக்கிச் சுழல முயல்கிறது. அதாவது அதன் மூக்கு (முன்முனை) மேலே எழும்ப, பின்முனை கீழே இறங்கும். காலை எடுத்து என்ஜின் பிரேக் விழும்போது இது அப்படியே தலைகீழாகிறது. இந்த இரு திசை ஆட்டத்தையும் தடுத்து நிறுத்துவது புஷ்களின் வேலை. 370 இசட்டின் என்ஜின் 363 நியூட்டன் மீட்டர் திருகுவிசை தருகிறது. முதல் கியர் விகிதம் 3.794, இறுதி இயக்க விகிதம் 3.692. மூன்றையும் பெருக்கினால் ஏறத்தாழ 5,080 நியூட்டன் மீட்டர் வருகிறது. தாங்கிகளுக்கு இடையே அரை மீட்டர் தூரம் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டாலும், புஷ்ஷின்மேல் ஒரு டன் எடைக்கு நிகரான விசை விழுகிறது.

தளம்_3717

கணக்கு சரி, ஆனால் அந்த விசை சாலைக்கு வந்து சேராது. ஓட்டுநரோடு சேர்த்து 1,580 கிலோ என்று கொள்வோம். நிற்கும்போது அதில் 46 விழுக்காடு பின்சக்கரங்களில் இருக்கிறது. புறப்படும்போது பின்னோக்கிச் சாயும் எடையையும் சேர்த்தால் 900 கிலோவை ஒட்டி வரும். காய்ந்த தாரில் நல்ல டயர் தன் மேல் உள்ள எடைக்குச் சமமான இழுவையைத் தரும். சக்கர ஆரம் ஏறத்தாழ 0.34 மீட்டர். எனவே 3,000 நியூட்டன் மீட்டரிலேயே டயர் வழுக்கிவிடும். அதற்கு மேல் புஷ்ஷுக்குப் போக வழியில்லை.

விசையும்_திருகும்

நீங்கள் சொல்வது முற்றிலும் சரி. டயரின் பிடிமானத்தை நான் கணக்கில் எடுக்காமல் விட்டுவிட்டேன். நிலையான விசைக்கு 3,000 என்பதே பொருத்தம். அப்படிப் பார்த்தால் புஷ்ஷின்மேல் 600 கிலோ எடைக்கு நிகரான விசை. ஒன்றை மட்டும் சேர்க்க விரும்புகிறேன்: கிளட்சைத் திடீரென்று விடும்போதும், ஈரமான இடத்தில் வழுக்கிய சக்கரம் காய்ந்த இடத்தில் சட்டென்று பிடிக்கும்போதும், சுழன்றுகொண்டிருக்கும் பாகங்களின் வேகம் ஒரே நொடியில் கொட்டப்படுவதால் கணநேர விசை இதைத் தாண்டிச் செல்லும்.

ஆனால் நம் நண்பரின் புஷ்ஷைக் கிழித்தது அந்த உச்ச விசை அன்று என்றே நினைக்கிறேன். ரப்பரைச் சோர்வடையச் செய்வது எண்ணிக்கை. கிண்டியிலிருந்து தாம்பரம் வரை ஜிஎஸ்டி சாலையில் ஒரு மாலைப் பயணத்தில் எத்தனை முறை கிளட்சை விட்டு, பத்தடி நகர்ந்து, காலை எடுத்து நிற்கிறோம்? ஒவ்வொரு முறையும் அந்தக் கூடு ஒருமுறை மேலே, ஒருமுறை கீழே. அதோடு சேர்ந்துகொள்கிறது வெப்பம். ரப்பரின் வெப்பநிலை ஒவ்வொரு 10 டிகிரி உயரும்போதும் அது மூப்படையும் வேகம் ஏறத்தாழ இருமடங்காகிறது என்பது பொதுவாகப் பயன்படுத்தப்படும் கணக்கு. மே மாதத்தில் சைலன்சர் குழாய்க்கு அருகே, காற்றோட்டமே இல்லாமல் நெரிசலில் நிற்கும் வண்டியின் அடிப்பகுதியை எண்ணிப் பாருங்கள். நெடுஞ்சாலையில் ஓடிய 61,000 கிலோமீட்டரும் இந்த நகரத்தில் ஓடிய 61,000 கிலோமீட்டரும் ஒன்றல்ல.

தளம்_3717

இப்போது என் பரிந்துரை. அலுமினியம் போடுங்கள். இருங்காட்டுக்கோட்டையில் வளைவிலிருந்து வெளியேறும்போது ஆக்சிலரேட்டரைத் தொட்டதும், இடையில் எந்தத் தாமதமும் இல்லாமல் பின்சக்கரம் பதில் சொல்ல வேண்டும். ரப்பர் புஷ்ஷில் முதலில் டிஃபரன்ஷியல் நகர்கிறது, அதன் பிறகே சக்கரத்துக்கு விசை போகிறது. அந்தச் சிறு இடைவெளியில் ஓட்டுநர் தன் காலைச் சரியாக அளக்க முடியாமல் போகிறது. மேலும், முடுக்கும்போது பின்சக்கரங்கள் துள்ளுவதற்கு இந்த நெகிழ்வும் ஒரு காரணம்: டயர் பிடித்து, ரப்பர் சுருங்கி, டயர் விட்டு, ரப்பர் விரிந்து, மீண்டும் பிடித்து என்று அது ஒரு தாளமாகவே மாறிவிடும். என் பந்தய வண்டியில் எல்லாப் புஷ்களும் அலுமினியம்தான். நான்கு ஆண்டுகளாக ஒருமுறைகூடக் கழற்றவில்லை.

விசையும்_திருகும்

உங்கள் வண்டி லாரியில் ஏறித் தளத்துக்கு வந்து லாரியில் ஏறித் திரும்புகிறது. ஓட்டும்போது தலைக்கவசம் அணிந்திருக்கிறீர்கள். நீலாங்கரை நண்பர் இதே வண்டியில் அலுவலகம் போகிறார். எனவே சத்தத்தையும் எண்ணால் பார்ப்போம்.

3.692 என்ற விகிதம் டிஃபரன்ஷியலுக்குள் 48 பற்கள் உள்ள பெரிய பல்சக்கரமான கிரவுன் வீலும் 13 பற்கள் உள்ள சிறிய பல்சக்கரமான பினியனும் சேர்ந்து தருவது. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில், 2.1 மீட்டர் சுற்றளவுள்ள சக்கரம் நொடிக்கு 13 முறை சுற்றுகிறது. 13 சுற்று, 48 பல். ஆக நொடிக்கு 630 முறைக்குச் சற்று அருகே பற்கள் ஒன்றோடொன்று சேர்கின்றன. இது மனிதக் குரலைக் கடத்தப் பழைய தொலைபேசிகள் பயன்படுத்திய 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் அலைவரிசைக்குள் விழுகிறது. காது மிகவும் விழிப்பாக இருக்கும் பகுதி அது. ரப்பர் இருக்கும்வரை அந்த அதிர்வு சப்ஃபிரேமுக்குப் போகாமல் அங்கேயே அடங்குகிறது. அலுமினியம் போட்டால் அது உடற்கூட்டுக்கு நேராகப் போய், பின்புறத் தகடு முழுவதும் ஒலிபெருக்கியாகிவிடும். பற்கள் பழுதில்லாமல் இருந்தாலும் கேட்கும். திண்டிவனம் வரை போவதற்குள் பக்கத்து இருக்கையில் இருப்பவரோடு பேசுவதை நிறுத்திவிடுவீர்கள்.

திரவம் நிரப்பிய புஷ்ஷில் இன்னொரு நுட்பம் உண்டு. உள்ளே இரண்டு அறைகள், நடுவே குறுகலான ஒரு வழி. பெரிய, மெதுவான அசைவு வரும்போது திரவம் அந்த வழியாகப் பிதுங்கிச் சென்று அசைவை அடக்குகிறது. சிறிய, வேகமான அதிர்வுக்கு ரப்பர் மென்மையாகவே இருக்கிறது. திரவம் வெளியேறிய அன்றே இந்த வேலையில் பாதி நின்றுவிட்டது. எஞ்சிய ரப்பர் தனியாகச் சுமந்து கிழிந்தது.

ரப்பர்_வேதியல்

பாலியூரித்தேன் பற்றி யாரும் விரிவாகப் பேசாததால் எழுதுகிறேன். என் பணி இந்தப் பொருள்களோடுதான்.

இயற்கை ரப்பருக்கு ஒரு தனிச்சிறப்பு இருக்கிறது. அதை இழுக்கும்போது அதன் நீண்ட மூலக்கூறுகள் வரிசையாகி, இழுபட்ட இடத்திலேயே படிகமாகின்றன. ஒரு சிறு கீறல் விழுந்தால், கீறலின் முனையில்தான் இழுவை அதிகம் என்பதால், அங்கேயே படிகங்கள் உருவாகிக் கீறல் மேலும் ஓடாமல் தடுக்கின்றன. லட்சக்கணக்கான முறை வளைந்து நிமிர வேண்டிய இடத்தில் உலகம் இன்றும் ரப்பர் மரத்துப் பாலையே நம்பியிருப்பதற்கு இதுவே காரணம். அதன் பலவீனங்கள் மூன்று: வெப்பம், ஓசோன், எண்ணெய். குறிப்பாகக் கனிம எண்ணெய் பட்டால் ஊறிப் பருத்து, வலுவிழந்துவிடும். எனவே புஷ் மாற்றும் அன்றே டிஃபரன்ஷியலின் பக்கவாட்டு சீல்களையும் பாருங்கள். சீல் ஒழுகிக்கொண்டிருக்கும் வண்டியில் புதிய ரப்பர் புஷ் போடுவது பணத்தைக் கரைப்பதாகும்.

பாலியூரித்தேன் எண்ணெயைத் தாங்கும், உராய்வைத் தாங்கும். கடினத்தை வேண்டிய அளவில் வார்க்கலாம். புஷ்களுக்கு ஷோர் ஏ என்ற கடினத்தன்மை அளவில் 70 முதல் 95 வரை கிடைக்கிறது. ஆனால் நம் ஊரில் ஒரு செய்தியைக் கட்டாயம் கேட்டு வாங்க வேண்டும். பாலியூரித்தேனில் பாலியெஸ்டர் அடிப்படையிலானது ஒன்று, பாலியீத்தர் அடிப்படையிலானது ஒன்று. முன்னது வெப்பமும் ஈரமும் சேர்ந்த காற்றில் நீராற்பகுப்புக்கு உள்ளாகும். அதாவது தண்ணீரே அதன் மூலக்கூற்றுப் பிணைப்புகளை அறுக்கும். சில ஆண்டுகளில் பிசுபிசுத்து, பிறகு பாலாடைக்கட்டிபோல் உதிரும். கடற்கரையை ஒட்டிய, ஆண்டு முழுவதும் ஈரப்பதம் குறையாத சென்னையில் இது வெறும் ஏட்டுச் செய்தி அன்று. பாலியீத்தர் வகை இதைத் தாங்கும். விற்பவரிடம் எந்த வகை என்று கேளுங்கள். அவருக்குத் தெரியவில்லையென்றால் வாங்க வேண்டாம்.

பழைய புஷ்ஷின் வெற்றிடங்களில் இரண்டு திரவங்களைக் கலந்து ஊற்றிக் கெட்டியாக்கித் தருகிறோம் என்று சொல்லும் உள்ளூர் வேலையை நான் பரிந்துரைப்பதில்லை. கிழிந்து எண்ணெய்ப் பசை படிந்த ரப்பரோடு புதிய வார்ப்பு ஒட்டாது.

பாடி_பவேரியா

ஒரு சிறிய குறிப்பு. என்னிடம் இருப்பது பழைய இ46 வரிசை பிஎம்டபிள்யூ 330. அந்த வரிசையில் பின் சப்ஃபிரேம் உடற்கூட்டோடு சேரும் இடத்தில், டிக்கியின் அடித்தகட்டில் விரிசல் விழுவது உலகம் முழுவதும் உரிமையாளர்கள் அறிந்த விஷயம். என் வண்டியில் இதுவரை இல்லை. ஒவ்வோர் ஆண்டும் கார்பெட்டைத் தூக்கிப் பார்க்கிறேன். இதை ஏன் சொல்கிறேன் என்றால், புஷ்ஷைக் கடினமாக்கினால் அது உறிஞ்சிக்கொண்டிருந்த அடி எங்கும் மறைந்துவிடாது, அடுத்த கண்ணிக்குப் போகும். அலுமினியப் புஷ்ஷைப் போடுபவர்கள் சப்ஃபிரேமின் வெல்டிங்கையும், அது உடலோடு சேரும் இடங்களையும் பார்க்கும் பழக்கத்தை வைத்துக்கொள்ள வேண்டும்.

தளம்_3717

ஒப்புக்கொள்கிறேன். என் வண்டியில் அந்த இடங்களில் கூடுதல் தகடு வைத்து வெல்டிங் செய்திருக்கிறது. அதை முன்பே குறிப்பிட்டிருக்க வேண்டும். தினமும் ஓட்டும் வண்டிக்கு என் பரிந்துரையைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் பந்தயத்துக்கு மட்டும் வைத்திருக்கும் வண்டிக்கு அலுமினியம் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

நீலாங்கரை_இசட்

முடிவு செய்துவிட்டேன். நிறுவனத்தின் அதே திரவம் நிரப்பிய ரப்பர் புஷ். இங்கே இருப்பில் இல்லை, வெளிநாட்டிலிருந்து வரவழைக்கிறேன். ஜி.பி. சாலையில் நான்கு கடைகளில் கேட்டேன், யாரிடமும் இல்லை. புதுப்பேட்டையில் ஒருவர், பிரித்த வண்டியிலிருந்து எடுத்த சப்ஃபிரேமே இருக்கிறது என்றார். போய்ப் பார்த்தேன்; அதன் புஷ்ஷும் வெடித்திருந்தது.

அம்பத்தூர் ஐயா, சப்ஃபிரேமை முழுவதும் இறக்காமல் இதை மாற்ற முடியுமா? எந்த இடத்தில் தவறு நடக்க வாய்ப்பு அதிகம்?

அம்பத்தூர்_கடைசல்

முடியும். டிஃபரன்ஷியலை மட்டும் இறக்கினால் போதும்; பொறுமை வேண்டும். முழு நாள் வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள், ஆறிய வண்டியில் தொடங்குங்கள்.

முதலில் கியர் ஆயில். நிரப்பும் அடைப்பைத் திறந்து பார்த்த பிறகே வடிக்கும் அடைப்பில் கை வைக்க வேண்டும். வடித்துவிட்டு, நிரப்பும் அடைப்பு துருப்பிடித்துத் திறக்காமல் போனால் வண்டி அங்கேயே நின்றுவிடும். பிறகு சைலன்சரை இறக்குங்கள். ப்ரொப்பெல்லர் ஷாஃப்டின் ஃபிளேஞ்சிலும் டிஃபரன்ஷியல் ஃபிளேஞ்சிலும் சேர்த்து ஒரு பெயிண்ட் குறி போட்டுக் கழற்றுங்கள். திரும்ப அதே நிலையில் சேர வேண்டும். உங்கள் வண்டியின் ஷாஃப்ட் கார்பன் இழையால் ஆனது. அதை நெம்பக் கூடாது, சுத்தியலால் தட்டக் கூடாது, தொங்கவும் விடக் கூடாது. கயிற்றால் மேலே கட்டிவையுங்கள். இரும்பு ஷாஃப்டில் விழும் சிறு அடி ஒரு தழும்போடு முடியும், கார்பனில் உள்ளுக்குள் இழை பிரிந்து வெளியே தெரியாமல் இருந்துவிடும். அடுத்து ஆக்சில் ஷாஃப்ட் இரண்டையும் விடுவித்து, கியர்பாக்ஸ் ஜாக்கியில் டிஃபரன்ஷியலைப் பட்டையால் கட்டி, போல்டுகளை எடுத்து மெதுவாக இறக்குங்கள். ஒருவர் ஜாக்கியிலும் ஒருவர் பக்கத்திலுமாக இரண்டு பேர் அவசியம்.

இனிதான் உண்மையான வேலை. பழைய புஷ்ஷை எடுக்கப் பலர் வெல்டிங் கேஸ் விளக்கால் ரப்பரை எரிக்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். பெட்ரோல் டேங்க் அருகில் இருக்கிறது. எரியும் ரப்பரின் புகை நஞ்சு. புஷ்ஷுக்குள் எஞ்சிய திரவம் சூடேறிப் பீறிடும். அதற்குப் பதிலாக, ரப்பர் வளையத்தில் ட்ரில்லால் நெருக்கமாக ஓட்டைகள் போட்டு நடுக்குழாயைத் தள்ளி எடுங்கள். பிறகு ஹேக்ஸா பிளேடை உள்ளே விட்டு, வெளிக்கூட்டை ஓரிடத்தில் நீளவாக்கில் அறுங்கள். கூடு அறுபட்டதும் இறுக்கம் போய்விடும். அதற்குமேல் ஒரு இழை அறுத்தாலும் சப்ஃபிரேமில் கீறல் விழும் என்பதால், கடைசி அரை மில்லிமீட்டரை உளியால் மடக்கி எடுங்கள். ஒரு மணி நேரம் ஆகலாம். ஆகட்டும்.

புதியதை ஏற்றுவதற்கு முன் துளையின் உட்புறத்தைத் துரு நீக்கி வழவழப்பாக்குங்கள். புஷ்ஷில் மேல்பக்கத்தைக் காட்டும் குறி இருக்கும். பழையது எந்தக் கோணத்தில் இருந்ததென்று எடுப்பதற்கு முன்பே படம் எடுத்துக்கொள்ளுங்கள். இந்தப் புஷ் எல்லாத் திசையிலும் ஒரே மென்மை கொண்டதன்று. கோணம் மாறினால் மென்மையாக இருக்க வேண்டிய திசையில் கடினமாகவும், கடினமாக இருக்க வேண்டிய திசையில் மென்மையாகவும் நிற்கும். சுத்தியலால் அடித்து ஏற்றக் கூடாது. பருமனான மரைக்கம்பி ஒன்று, இரு பக்கமும் கடைந்த இரண்டு கிண்ணங்கள், திருகும் பக்கத்தில் ஒரு த்ரஸ்ட் பேரிங்: இவ்வளவு இருந்தால் ஸ்பேனரால் திருகியே இழுத்துவிடலாம். கிண்ணத்தின் விளிம்பு புஷ்ஷின் வெளிக்கூட்டை மட்டுமே அழுத்த வேண்டும், ரப்பரைத் தொடவே கூடாது. அளவு அனுப்புங்கள், நானே கடைந்து தருகிறேன்.

போல்டுகளை எல்லாம் கையால் பிடிக்கவிட்டு, டிஃபரன்ஷியல் தன் இடத்தில் இயல்பாக உட்கார்ந்த பிறகு, பணிமனைக் கையேட்டில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்சால் முறுக்குங்கள். ஒரு பக்கத்தை முதலிலேயே முறுக்கிவிட்டால் புதிய புஷ் பிறக்கும்போதே சாய்ந்து நிற்கும்.

வேளச்சேரி_ஏரி

கியர் ஆயில் பற்றி ஒரு கேள்வி. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எங்கள் தெருவில் நின்ற தண்ணீரில் என் வண்டியின் பின்சக்கரம் பாதி மூழ்கியிருந்தது. டிஃபரன்ஷியலைத் திறந்து பார்க்க வேண்டுமா?

அம்பத்தூர்_கடைசல்

கட்டாயம். உடனே. ஓடிச் சூடான டிஃபரன்ஷியல் தண்ணீரில் இறங்கினால் உள்ளே இருக்கும் காற்று சட்டென்று சுருங்கும். சுவாசக்குழாய் வழியாகவும் சீல் ஓரமாகவும் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். ஆயில் பால் கலந்த தேநீர் நிறத்தில் வந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது என்று பொருள். முழுவதும் வடித்து, புதியது ஊற்றி, சில கிலோமீட்டர் ஓட்டி, மறுபடியும் வடித்துப் பாருங்கள். தாமதித்தால் பேரிங்கில் துருப்புள்ளி விழும். அது பிறகு ஊளைச் சத்தமாக வரும்.

நீலாங்கரை_இசட்

வேலை முடிந்தது. இரண்டு சனிக்கிழமைகள் ஆயின. முதல் சனிக்கிழமை முழுவதும் பழைய புஷ்ஷின் வெளிக்கூட்டோடு போனது. உப்புக்காற்று அதைச் சப்ஃபிரேமோடு ஒன்றாகவே ஆக்கியிருந்தது. ஹேக்ஸா பிளேடு ஐந்து உடைந்தன. வெளியே எடுத்துப் பார்த்தபோது, ரப்பர் தன் உடலில் கிழிந்திருந்ததோடு, கூட்டோடு ஒட்டியிருந்த பரப்பிலும் பாதி விட்டுப்போயிருந்தது.

புதியதை ஏற்றுவதற்கு இருபது நிமிடங்கூட ஆகவில்லை. ஐயா கடைந்து தந்த கிண்ணங்கள் அளவெடுத்துத் தைத்தது போலப் பொருந்தின. இடது பக்கவாட்டு சீல் லேசாகக் கசிந்திருந்ததால் இரண்டு சீல்களையும் மாற்றினோம். ஜிஎல்-5 தரத்தில் 75டபிள்யூ-90 கியர் ஆயில் ஊற்றினோம்.

நேற்று மாலை அதே பழைய மாமல்லபுரம் சாலையில் ஓட்டினேன். ‘டொம்’ சத்தம் முழுவதும் போய்விட்டது. ரிவர்ஸிலிருந்து முதல் கியருக்கு மாற்றியபோது எதுவும் கேட்காததால், கியர் விழவில்லையோ என்று ஒருகணம் கீழே குனிந்து பார்த்தேன். அதன் பிறகு திருப்போரூர் வரை போனேன். காலை மெதுவாக எடுத்து மெதுவாக வைக்கும்போது வண்டி ஒரே துணிபோல் நகர்கிறது. இத்தனை மாதங்களாக என் கால் அந்த இடிக்குப் பயந்து தயங்கித் தயங்கியே பழகியிருந்தது என்பது அப்போதுதான் புரிந்தது.

பெரிய சத்தம் போனதும் சிறியது வெளியே வந்தது. சிக்னலில் நின்று புறப்படும்போது இடது பின்சக்கரத்தில் ஒரே ஒரு ‘டிக்’. ஐயா முதல் நாளே சொன்ன ஆக்சில் பல்வரிதான். வரும் ஞாயிறன்று ஹப் நட்டைக் கழற்றித் துடைத்துக் கிரீஸ் பூசுகிறேன்.

பாடி_பவேரியா

வாழ்த்துகள். அந்த மரைக்கம்பியையும் கிண்ணங்களையும் இரவல் தர முடியுமா? என் வண்டியின் பின் புஷ்ஷும் வெடிக்கத் தொடங்கியிருக்கிறது. வெளிக்கூட்டின் விட்டம் வேறாக இருக்கும், கிண்ணங்களை ஐயாவிடம் புதிதாகக் கடைந்துகொள்கிறேன். கம்பியும் த்ரஸ்ட் பேரிங்கும் போதும்.

நீலாங்கரை_இசட்

தாராளமாக. ஞாயிறு காலை ஏழு மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன். கிரீஸ் வேலைக்கு ஒரு கை தேவைப்படுகிறது, நேரம் இருந்தால் சற்று முன்பே வாருங்கள்.